டேபிள் மேட்டும் கோக்கோ டப்பாவும்

தில்லை நகரில் ஒரு கிராஸின் நடுவில், பல் ஆஸ்பத்திரிக்கும் டியூஷன் சென்டருக்கும் இடையே அந்தக் கடை இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். மாதத்துக்கு இரண்டு முறை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார்கள். கடைசியாக வந்தது இது: தேங்காய் நார் ஸ்க்ரப்பர் திரும்ப வந்திருக்கிறது, பூந்திக்கொட்டைத் திரவம் ரீஃபில், பாட்டிலை நீங்களே கொண்டு வரவும், கோரை டேபிள் மேட், ஆறு செட் மட்டும்.

பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்தேன். அம்மாவுக்கு வாங்கலாமே என்று போனேன். ஒரு செட்டில் ஆறு மேட், 900 ரூபாய். நல்ல சாயம், ஓரமெல்லாம் ஒழுங்காக மடித்துத் தைத்திருந்தது. கோரை எந்த ஊர் என்று கேட்டேன்.

"முசிறிப் பக்கம்னு சொன்னாங்க தம்பி."

"அப்ப முசிறிலேர்ந்தா வாங்குறீங்க?"

"இல்ல, சென்னைல ஒரு ஹோல்சேல்காரர்ட்ட."

முசிறி இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். காவிரிக் கரையில் வளர்ந்த புல் சென்னை வரைக்கும் போய், அட்டைப்பெட்டிக்குள் ஏறி, திரும்ப அதே காவிரிக் கரைக்கு வந்து விலைக்கு நிற்கிறது. நெய்தது யார் என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். "அத அவரு சொல்லுவாரா? சொன்னா நான் நேராப் போய் வாங்கிருவேன்ல."

அந்தப் பதில் இரண்டு நாள் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வேலையில் ஒரு மென்பொருளை நிறுவினால், அது எதையெல்லாம் சார்ந்திருக்கிறது, அவை எவற்றைச் சார்ந்திருக்கின்றன என்று மரம்போலக் கிளை பிரித்துக் காட்டும். இந்த மேட்டின் மரம் 'சென்னை ஹோல்சேல்' என்ற கிளையோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே இருக்கும் வேரைப் பார்க்க நமக்கு அனுமதி கிடையாது.

இதே கேள்வியை ஏறத்தாழ தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் கோக்கோ டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டிருக்கிறார். தஞ்சாவூர்க்காரர். கணக்கர்.

ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் 1892 ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்தார். பிறகு அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றிப் படிக்கும்போது, இந்தியா ஏழையானதற்கும் பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை ஆராயத் தொடங்கினார். கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவுக்குத் திரும்பியதும் அந்தக் காலகட்டத்தில்தான். ஜே.சி. குமரப்பா. 1929இல் அந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு, மேல்நாட்டு உடையில், சபர்மதிக்குக் காந்தியைப் பார்க்கப் போனார். தரையில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்த கிழவர்தான் காந்தி என்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. மரியாதைக்காகத் தானும் தரையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்து தன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

1934 அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரஸ், அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை அமைப்பதென்று தீர்மானித்தது. டிசம்பரில் வார்தாவில் சங்கம் உருவானது. குமரப்பா அதன் செயலாளர். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்த காகிதம், சோப்பு. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்குத் தில்லை நகர் கடையின் அலமாரிதான் ஞாபகம் வந்தது. பாதிக்கு மேல் அப்படியே ஒத்துப்போகிறது.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது ஒரு விளக்கு. பேர் மகன் தீப். ஊர் ஊராக எரிந்துகொண்டிருந்தது கப்பலேறி வந்த மண்ணெண்ணெய். அதற்குப் பதிலாக உள்ளூர்த் தாவர எண்ணெயில் எரியும்படி வடிவமைத்த விளக்கு அது. குமரப்பா இதைப் பார்த்த விதத்தில் கணக்கர் மூளை தெரிகிறது. மண்ணெண்ணெய் வாங்கினால் கிராமத்தின் காசு வெளியே போகிறது, போனது போனதுதான். கிராமத்து வித்தை ஆட்டினால் செக்குக்காரனுக்குக் கூலி, மாட்டுக்குப் பிண்ணாக்கு, ராத்திரிக்கு வெளிச்சம். பெட்ரோலியமும் நிலக்கரியும் இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். விளைச்சல் வரத்து, ஒழுங்காக நடந்துகொண்டால் வருடா வருடம் வரும். இருப்பை நம்பி வாழும் சமூகம் அதைப் பிடிக்கச் சண்டைக்குப் போயே தீரும் என்றார். இதை விரித்து எழுதிய புத்தகம் 'நிலைத்த பொருளாதாரம்'. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது சிறையில் இருந்தபடி எழுதியது. 1945இல் காந்தி முன்னுரை கொடுத்தார். 'சஸ்டெய்னபிள்' என்ற வார்த்தை நம் டீ-ஷர்ட்டுகளில் அச்சாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கதை.

ஆனால் 'சுற்றுச்சூழல் முன்னோடி' என்று மாலை போட்டுவிட்டால் குமரப்பாவின் பாதியைத் தொலைத்துவிடுவோம். அந்த இன்னொரு பாதிதான் கோக்கோ டப்பா.

ஒருவர் கடையில் ஒரு டப்பா கோக்கோ வாங்குகிறார். அதற்குள் என்ன இருக்கிறது என்று குமரப்பா பிரித்துப் பார்க்கிறார். மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பு. கடல்வழியைக் காக்க நிற்கும் கப்பற்படை. தொழிற்சாலையில் அடிமாட்டுக் கூலி. இந்தியத் துறைமுகத்தில் அரசு அதிகாரத்தால் சலுகையாக்கப்பட்ட தீர்வை. இவ்வளவும் சேர்ந்துதான் அந்த டப்பா. காசு கொடுத்து வாங்குகிறவர் இவற்றுக்கெல்லாம் பங்காளி ஆகிறார். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இது கற்பனைக் கணக்கு இல்லை. சாவோ தோமே தீவின் கோக்கோத் தோட்டங்களில் போர்த்துகீசியர்கள் நடத்திய அடிமைமுறையைப் பற்றி ஹென்றி நெவின்சன் 1906இல் புத்தகமே எழுதியிருந்தார். அங்கிருந்து கோக்கோ வாங்கிக்கொண்டிருந்தது நல்ல முதலாளிகள் என்று பேரெடுத்த கேட்பரி. ஒரு பத்திரிகை அவர்களை இரட்டை வேடம் என்று எழுதியதும் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். 1909இல் கேட்பரிக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்த்திங். பென்னியில் கால்வாசி. ஜூரிகளுக்கும் நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

சரி, வாங்குகிறவன் ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டா வர முடியும்? முடியாது. அதனால்தான் குமரப்பா 'பக்கத்தில் வாங்கு' என்றார். ஊர்ப்பற்றோ, நம்மவன் என்ற பாசமோ இதற்குக் காரணமில்லை. பக்கத்தில் இருந்தால்தான் யார் செய்தார், என்ன கூலி வாங்கினார் என்று போய்ப் பார்க்க முடியும். தூரத்தை அவர் தணிக்கைக் கண்ணோடு அளந்தார். கண்காணிக்க முடியாத கணக்கில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார் இல்லையா!

இது எவ்வளவு கஷ்டம் என்று காதிக்காரர்களுக்கு அதற்குள் புரிந்துபோயிருந்தது. 1925இல் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்துக்குத் தமிழ்நாட்டில் திருப்பூர்தான் தலைமையிடம். இன்றைக்கு 'ஆர்கானிக் காட்டன்' பனியன்களை உலகத்துக்கு அனுப்பும் அதே திருப்பூர். கதர் விற்றது, ஆனால் நூற்ற பெண்களுக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஓர் அணா தேறுவதே பெரிய விஷயம். 1935இல் காந்தி இதை உடைத்துப் பேசினார். மணிக்கு ஓர் அணா, எட்டு மணி நேரத்துக்கு எட்டணா கொடுக்க வேண்டும் என்றார். சங்கத்து ஆட்கள் மிரண்டுபோனார்கள். ஏற்கெனவே மில் துணியைவிடக் கதர் விலை கூடுதல். இன்னும் ஏற்றினால் யார் வாங்குவார்கள்? விற்பனை படுத்தால் அந்த ஓர் அணாவும் போய்விடாதா? அந்த வருடம் அக்டோபரில் வாழ்வூதியக் கொள்கையை ஏற்றுத் தீர்மானம் போட்டார்கள். எட்டணா நடக்கவில்லை, மூன்றணா என்பதே பெரிய தாவலாக இருந்தது.

நான் இந்தச் சண்டையில் காந்தி பக்கம். ஆனால் மிரண்டவர்களையும் என்னால் கேலி செய்ய முடியவில்லை. அவர்கள்தான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த இடத்தில் அரசு வந்து உட்கார்ந்தது. 1956இல் சட்டம், 1957இல் காதி கிராமத் தொழில் ஆணையம், அப்புறம் தள்ளுபடி. என் அப்பா வருடாவருடம் அக்டோபரில் போர்வையோ துண்டோ வாங்கிக்கொண்டு வருவார், தள்ளுபடி இருக்கும்போது மட்டும். விலை ஏன் கூடுதல் என்ற கேள்வியை வாங்குகிறவன் கேட்கவே வேண்டியதில்லாமல் போயிற்று. வித்தியாசத்தை அரசு கட்டிவிடும். குமரப்பா அரசோடு ஒட்டாமல் ஒதுங்கி, மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியின் காந்திநிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளன்றே இறந்துபோனார்.

அதற்கப்புறம் பிளாஸ்டிக். ஸ்வீடனின் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்த கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பைக்கு 1965இல் காப்புரிமை கிடைத்தது. நம் ஊரில் அதன் முடிவை அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் பார்க்கலாம், பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு. 2018 ஜூன் 5 அன்று தமிழக அரசு அறிவித்தபடி, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23இல் 'மீண்டும் மஞ்சப்பை'. தில்லை நகர்க் கடை மாதிரியான கடைகள் கண்ணில் படத் தொடங்கியது எனக்குத் தெரிந்து இந்தக் காலத்தில்தான்.

இங்கேதான் ஏதோ மாறிவிட்டது என்று நினைக்கிறேன். கதர்க் கடை கேட்டது, அல்லது கேட்க முயன்றது: இதை யார் செய்தார், அவர் சாப்பிட்டாரா? நம் கடை கேட்பது: இது மக்குமா? இரண்டும் நல்ல கேள்விகள்தான். ஆனால் இரண்டாவதைக் கேட்டதும் முதலாவதையும் கேட்டுவிட்டதாக ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அந்த இரண்டாவது கேள்விக்கும் பதில் நினைப்பதுபோல் சுலபமில்லை. கால்தடக் கணக்குப் பார்த்தால், ஒரு பருத்திப் பை வெப்பமாதல் விஷயத்தில் சாதாரண பிளாஸ்டிக் பையைவிட மேலாக இருக்க 131 முறை பயன்பட வேண்டும் என்று பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கல்யாண வீட்டு மஞ்சப்பைகள் முப்பதாவது தொங்கும். ஒன்றுகூட 131 தடவை மார்க்கெட்டுக்குப் போனதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முசிறிப் பக்கம் அம்மாவின் சொந்தம் ஒருவர் இருக்கிறார். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பச்சைக் கோரையை அறுத்து, கிழித்து, வெயிலில் காயப்போட்டிருந்த களங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் விசைத்தறிதான். பாவில் நைலான் நூல் ஓடிக்கொண்டிருந்தது, அது எந்தக் காலத்தில் மக்கும் என்று நான் கேட்கவில்லை. கைத்தறி தேடி ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருத்தர், கூட அவர் மருமகள். ஒருவர் அச்சை அடிக்க, இன்னொருவர் குச்சியில் கோரையை மாட்டி உள்ளே நுழைக்கிறார். பருத்தி நூல் பாவு. மேட்டின் அளவைச் சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"சோத்துத் தட்டுக்குப் பாயா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு பேருமாக ஒரு நாளைக்கு எட்டு போடலாம் என்றார். மனதுக்குள் கணக்குப் போட்டேன். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நாள் கூலி 319 ரூபாய். அதையே அளவாக வைத்தால் இரண்டு பேருக்கு 638. எட்டால் வகுத்தால் மேட்டுக்கு 80, ஆறுக்கு 480. கோரை, நூல், சாயம், தையல் சேர்த்தால் ஒரு செட் அறுநூறைத் தொடும்.

திருச்சிக்குத் திரும்பி அக்காவிடம் சொன்னேன். அவர் கால்குலேட்டரை எடுக்கவில்லை, பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதினார். ஹோல்சேல்காரரிடம் அவர் வாங்குவதும் அதே 600தான். அப்படியென்றால் அந்த 600க்குள் லாரி வாடகை, ஹோல்சேல்காரரின் லாபம், இன்னும் யார் யாரோ போக, நெய்கிறவருக்கு எவ்வளவு போயிருக்கும்? இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அவரு முப்பது நாள் கடன் குடுப்பாரு தம்பி. இவங்க?"

"நூல் வாங்க முன்பணம் கேக்குறாங்க."

"வாடகை அஞ்சாந்தேதி." கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரு போடலாமா? நெய்தவங்க பேரு, ஊரு. சின்னதா ஒரு சீட்டுல."

அதையும் நான் அங்கேயே கேட்டிருந்தேன். அந்த அம்மா யோசிக்காமல் சொன்ன பதிலை அப்படியே அக்காவிடம் சொன்னேன்: "பேரு போட்டா காசு கூடக் குடுப்பாகளா?"

அக்கா பேனாவை மூடிவிட்டு, உள்ளே போய்ப் பணப்பெட்டியைத் திறந்து எண்ணினார். இரண்டு செட்டுக்கு முன்பணம், 500 ரூபாய். ஜிபேயில் அனுப்பலாமா என்று கேட்டார். மருமகள் நம்பரைக் கொடுத்தேன்.

பெங்களூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் கடையிலிருந்து செய்தி வந்தது. வேப்பமரச் சீப்பு, செம்புத் தண்ணீர் பாட்டில், பூந்திக்கொட்டை ரீஃபில் பத்து சதவீதம் தள்ளுபடி. கோரை மேட் இரண்டு செட், முசிறி, 950 ரூபாய்.