டேப்பட் சத்தமும் புல்லட் மெக்கானிக்கின் காதும்

திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து அரை நூற்றாண்டுக்குக் குறையாமல் வெளிவந்த பழைய புல்லட்டுகளில், சிலிண்டரின் அடியில் வலப்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும். உள்ளே இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பகுதி, அவற்றை ஏற்றி இறக்கும் நட்டுகள். இரண்டு விரல் நுழைவதற்கே இடம் போதாது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினின் சத்தத்தைக் காதால் படிக்கும் வித்தைக்குத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் பள்ளிக்கூடம் இந்தக் குறுகலான இடம்தான்.

இன்ஜினின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச். தையல் ஊசிக்குப் பேர்போன ஊர் அது. புல்லட்டை உருவாக்கிய ராயல் என்ஃபீல்டின் வேரும் ஓர் ஊசிப் பட்டறையில்தான் இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில், இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி 163 புல்லட்டுகள் தயாராயின. பிறகு வார்ப்புக் கருவிகளும் வந்துசேர, பாகங்களும் இங்கேயே உருவாகத் தொடங்கின. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் மிச்சமிருந்த உற்பத்தியும் 1970-ல் நின்றது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட 346 சிசி வார்ப்பிரும்பு சிலிண்டர் சென்னையில் மட்டும் ஓயாமல் வார்க்கப்பட்டது.

அந்தக் காலத்தில் சாலையில் ஓடிய மற்ற வண்டிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். மைசூரில் தயாரான ஜாவா, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், லாம்ப்ரெட்டா, பஜாஜ் ஸ்கூட்டர் எல்லாமே இரண்டு ஸ்ட்ரோக். அவற்றில் திறந்து மூடும் வால்வு கிடையாது. ஆகவே டேப்பட்டும் கிடையாது. "டேப்பட் அடிக்குது" என்ற பேச்சு எழுந்தாலே அது பெரும்பாலும் புல்லட்டைப் பற்றியதாக இருந்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மரியாதையும் இருந்தது.

சத்தம் ஏன் வருகிறது? கேம் தள்ள, டேப்பட்டும் புஷ் ராடும் மேலேறி, ராக்கர் வழியாக வால்வைத் திறக்கின்றன. இந்தத் தொடரில் எங்காவது இடைவெளி இருந்தால், ஒவ்வொரு முறையும் உலோகம் உலோகத்தில் மோதி 'டிக்' என்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளியே இல்லாமல் வைப்பதுதான் பழைய புல்லட்டின் முறை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவையில்லை. விரல் நுனியே அளவுகோல். வண்டி ஓடிச் சூடேறும்போது சிலிண்டரும் ஹெட்டும் விரிகின்றன. புஷ் ராட் அந்த அளவுக்கு விரிவதில்லை. அதனால் சூடான இன்ஜினில் இடைவெளி கூடி, லேசான டிக் டிக் கேட்கும். அது நோயல்ல, இன்ஜினின் இயல்பு.

அந்த இயல்பான சத்தம் பிடிக்காமல் "சுத்தமா சத்தமே வரக் கூடாது" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் எப்போதும் உண்டு. அவர்களுக்காக டேப்பட்டை இறுக்கினால் வண்டி அன்றைக்கு அமைதியாகிவிடும். ஆனால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கி வைப்பது, மூடியிருக்கும் நேரத்தில் வால்வு சீட்டில்தான். சீட்டில் உட்கார முடியாத வால்வின் விளிம்பு வழியே கொதிக்கும் வாயு சீறிக்கொண்டு போகும்; விளிம்பு கருகும், கம்ப்ரஷன் குறையும், கிக்கரை எத்தனை முறை மிதித்தாலும் வண்டி கிளம்பாது. "டேப்பட் பேசினால் பயமில்லை, பேசாவிட்டால்தான் பார்க்கணும்" என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வதற்குப் பின்னால் எரிந்துபோன வால்வுகளின் அனுபவம் இருக்கிறது.

எல்லா டிக் சத்தமும் டேப்பட்டுடையது அல்ல என்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பாடம். முதலில் கவனிக்க வேண்டியது தாளம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால், ஒரு வால்வின் சத்தம் 500 முறைதான் வரும். அதைவிட வேகமாகத் தட்டினால் கோளாறு கீழ்ப்பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

தாளம் மட்டும் போதாது. சைலன்சர் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிவு இருந்தால் அதுவும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் டிக்கென்று வெடிக்கும். டேப்பட் என்றே காது நம்பிவிடும். ஆக்சிலரேட்டரைத் திருகும்போது அது கூர்மையாகும், இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். குளிரில் தொடங்கிச் சூடேறியதும் மறையும் மந்தமான தட்டல், தேய்ந்த சிலிண்டருக்குள் ஆடும் பிஸ்டனுடையது. மேட்டில் பாரம் இழுக்கும்போது ஆழத்திலிருந்து கனமாக இடித்தால் கனெக்டிங் ராட் பேரிங். அப்போது வண்டியை மேலும் ஓட்டக் கூடாது. கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால் கையை இடப்பக்கக் கவருக்குக் கொண்டுபோக வேண்டும்.

இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க மெக்கானிக்குகள் எடுக்கும் கருவி நீளமான ஸ்குரூடிரைவர். முனையை ராக்கர் கவர், சிலிண்டர், டைமிங் கவர் என்று ஒவ்வொன்றாக வைத்து, பிடியைக் காதோரம் அழுத்துவார்கள். உலோகத்திலிருந்து காற்றுக்குத் தாவும்போது ஒலி பெருமளவு மங்கிவிடும். ஸ்குரூடிரைவர் வழியே வந்தால் அந்த இழப்பு குறைவு. 1816-ல் பாரிஸ் மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு ஸ்டெதாஸ்கோப்புக்கு வழி திறந்தார். ஒலியைச் சிதறவிடாமல் காதுக்குக் கொண்டுசேர்க்கும் அதே வேலையைப் பட்டறையில் ஸ்குரூடிரைவர் செய்கிறது.

1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபின் நிலைமை மாறியது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் சின்ன வண்டிகளுக்குள் புகுந்தது; டேப்பட்டும் டைமிங் செயினும் தெருமுனைப் பட்டறைகளின் அன்றாட வேலையாயின. கேம் ஹெட்டுக்குள்ளேயே இருக்கும் இவற்றில் புல்லட் கணக்கு செல்லாது. குளிரிலேயே மயிரிழை இடைவெளி விட வேண்டும், அதற்கு ஃபீலர் கேஜ் வேண்டும்.

புல்லட்டும் மாறியது. 2008-09-ல் வந்த யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஜின் ஹைட்ராலிக் டேப்பட்டோடு வந்தது. ஆயில் அழுத்தமே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். கையால் திருக எதுவுமில்லை. உலகத்துக்கு இது புதிதல்ல: காடிலாக் 1930-லேயே தன் 16 சிலிண்டர் காரில் வைத்தது, ஹார்லி டேவிட்சன் 1948-ல் வைத்தது. இங்கே அது மெக்கானிக்கின் கேள்வியை மாற்றியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி டிக் டிக் கேட்டு அடங்கினால் பிரச்சினை இல்லை. அடங்காவிட்டால் ஸ்பேனரைத் தேடுவதற்கு முன் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் வண்டியோடு வந்த 349 சிசி இன்ஜினில் புஷ் ராடே இல்லை. கேம் ஹெட்டுக்கு ஏறிவிட்டது, அதைச் செயின் சுழற்றுகிறது. டேப்பட் இடைவெளியைச் சோதிக்கும் வேலை மட்டும் சர்வீஸ் பட்டியலுக்குத் திரும்பியிருக்கிறது. வார்ப்பிரும்பு இன்ஜினில் பழகியவர்களும் இந்த இன்ஜினின் செயின் சத்தத்தையும் டேப்பட் சத்தத்தையும் பிரித்தறிய இப்போது புதிதாகக் காதைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.