ஜீப்பின் கடிவாளம்: டிரம் போய் டிஸ்க் வந்த கதை

நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது தார், ஜிம்னி என்று வண்டி வாங்கிக்கொண்டு சனி, ஞாயிறு வந்தால் கொல்லிமலை, கல்வராயன் மலை என்று கிளம்பிவிடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பிரேக் டிஸ்க்கும் பேடும் தேய்ந்து மாற்றும் நாள் வந்தால் உதிரிபாகக் கடையில் விழிக்கிறார்கள். ஓட்டை போட்ட டிஸ்க், கோடு வெட்டிய டிஸ்க், செராமிக் பேட், மெட்டாலிக் பேட் என்று கடைக்காரர் அடுக்கி வைக்க, விலை அதிகமானதே நல்லது என்று வாங்கி வருகிறார்கள். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்க்காமல் புதுக் குறிப்பு எழுதக் கூடாது என்பது எங்கள் பிரிவின் பாலபாடம். கடை மேசைமேல் கிடக்கும் ஒவ்வொரு பொருளும் எவருக்கோ என்றோ வந்த ஒரு தொல்லைக்குத் தீர்வாகப் பிறந்தது. அந்தத் தொல்லை நம் வண்டிக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்தது.

பள்ளியில் நாங்கள் பிரேக்கை 'ஃப்ரேன்' என்றுதான் படித்தோம். குதிரையின் கடிவாளத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பொருத்தமான பெயர்.

1902-ஆம் ஆண்டிலேயே இரண்டு வழிகளும் பிறந்துவிட்டன. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் காருக்கு ஏற்றபடி அமைத்தார். சக்கரத்தோடு சுழலும் ஒரு சட்டி, அதன் உள்ளே விரிந்து அழுத்தும் இரண்டு ஷூ. அதே ஆண்டு இங்கிலாந்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் தட்டை இருபுறமும் கிடுக்கிபோல் பிடிப்பது அவருடைய யோசனை. ஆனால் அவர் வைத்த பேட் செம்பு. பிடித்தால் காது கிழியும் கூச்சல். அன்றைய புழுதிச் சாலையில் சீக்கிரம் தேய்ந்தும் போனது. யோசனை நல்லது, பொருள் சரியில்லை. ஆகவே டிரம்தான் அரை நூற்றாண்டு ஆண்டது.

அந்தப் 'பொருள்' விஷயத்தில் பெயர் வாங்கியவர் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர். மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய செருப்புத் தோலைக் கட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். 1897-இல் தொழில் தொடங்கினார். முதலில் துணியும் பிசினும்; அது சூடு தாங்கவில்லை. பிறகு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். சூடு தாங்கியது, பிடித்தது, விலையும் மலிவு. அவர் வைத்த 'ஃபெரோடோ' என்ற பெயரை நம் மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரியும். தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்துக்கொண்டாராம். கல்நாரின் கதை அங்கே முடியவில்லை, பின்னால் வருகிறேன்.

இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் ஒன்பது அங்குல டிரம். போருக்குப் பின் நம் நாட்டில் மகிந்திரா கட்டிய ஜீப்புகளும் அந்த வழிதான். நான் ஒரு காலத்தில் இருந்த அலுவலகத்தில் அப்படி ஒரு ஜீப். மழைக்காலத்தில் ஓடையைக் கடந்தால் அதற்கு பிரேக் இருக்காது. டிரம் மூடிய சட்டி. உள்ளே போன தண்ணீரும் சேறும் எளிதில் வெளியே வராது. டிரைவர் அண்ணன் கரையேறியதும் இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி லைனிங்கைக் காயவைப்பார். அந்த லைனிங் எங்கே வாங்கியது என்றால், மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்த விலை கொடுத்தவரிடம். தரம் என்ன என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

மலை இறக்கத்தில் டிரம்முக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சூடேறினால் சட்டி விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதிக்க மிதிக்கப் பெடல் கீழே போகும். டிஸ்க்கோ சூட்டில் தடிப்பதால் பேடை நோக்கித்தான் வரும். அதோடு வெட்டவெளியில் சுழல்வதால் தண்ணீரையும் உதறிவிடும், காற்றிலும் ஆறும்.

இதை உலகுக்குக் காட்டியது 1953-இன் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் செய்த டன்லப் நிறுவனத்தோடு சேர்ந்து ஜாகுவார் தன் காருக்கு அதைப் பொருத்தியது. ரோல்ட், ஹாமில்டன் இருவரும் சராசரி மணிக்கு சுமார் 170 கி.மீ. வேகத்தில் ஓட்டி வென்றார்கள். மற்றவர்கள் வளைவுக்கு வெகு முன்பே பிரேக் பிடிக்க, இவர்கள் கிட்டத்தில் போய்ப் பிடித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோவன் 'தே எஸ்' வந்தது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க். அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து உச்சரித்தால் பிரெஞ்சில் 'தேவதை' என்று பொருள். பிரெஞ்சு படித்த நம் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. காடு மேடு ஏறும் வண்டிக்கு அந்த பாக்கியம் இன்னும் தாமதமாகத்தான் கிடைத்தது. 1970-இல் ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரத்திலும் டிஸ்க்கோடு வந்தது. நம் நாட்டில் மாருதி ஜிப்சிக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

இப்போது கடை மேசைக்கு வருவோம்.

ஓட்டை போட்ட டிஸ்க் பந்தயத்திலிருந்து வந்தது. அக்காலப் பேடுகள் கடும் சூட்டில் பிசின் எரிந்து வாயு விட்டன. அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெத்தைபோல் நின்று பிடிப்பைக் கெடுத்தது. ஓட்டை அது வெளியேற ஒரு வழி, எடையும் குறையும். இன்றைய நல்ல பேடுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மலைப்பாதை வண்டிக்கோ ஓட்டையில் சேறும் சிறுகல்லும் அடைக்கும். ஓட்டையின் விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும். வேண்டாம். கோடு வெட்டியது சேற்றைக் கொஞ்சம் வழித்துத் தள்ளும் என்பது உண்மை, ஆனால் பேடைச் சீக்கிரம் தின்னும். அடிக்கடி சேற்றில் இறங்குபவர் வாங்கலாம். மற்றவர்க்கு வண்டியோடு வந்த அதே அளவு, அதே தடிமன் உள்ள சாதா டிஸ்க்கே போதும். எது குறைந்தபட்சத் தடிமன் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததை லேத்தில் கொடுத்துத் தேய்த்துப் போடச் சொல்லாதீர்கள்.

பேடில் செராமிக் சத்தமில்லாதது, ஊருக்குள் ஓட்ட இதமானது. சுமை ஏற்றி மலை இறங்கும் வண்டிக்கு என் ஓட்டு செமி மெட்டாலிக்குக்குத்தான். கொஞ்சம் கிறீச்சிடும், டிஸ்க்கையும் கூடுதலாகத் தேய்க்கும், சூட்டில் கைவிடாது. பல பேடுகளின் விளிம்பில் குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலைப் பிடிப்பு, இரண்டாவது சூட்டில் பிடிப்பு. 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.55 வரை. 'எஃப் இ' என்று இருந்தால் சூடேறினால் பிடிப்பு குறையும் என்று பொருள். கடைக்காரர் சொல்வதைவிட அந்த எழுத்தை நம்பலாம். பெரிய டயர் மாட்டியிருந்தால் அந்தக் கனத்தையும் பிரேக்தான் நிறுத்தியாக வேண்டும்.

கல்நார் கதையைச் சொல்கிறேன் என்றேனே. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுவிடும். பிரான்ஸ் 1997 ஜனவரி முதல் கல்நாரைத் தடை செய்தது. மலிவுப் பேடில் அது இல்லை என்பதற்கு யார் பொறுப்பு? பெட்டியில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று தெளிவாக அச்சிட்ட, பெயர் தெரிந்த நிறுவனத்தின் பேடை மட்டும் பில்லோடு வாங்குங்கள். பழைய பிரேக்கின் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதும் பட்டறைப் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

மாற்றும்போது ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஹப்பில் உள்ள துருவைச் சுரண்டிவிட்டு டிஸ்க்கை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெடல் அதிரும். புது டிஸ்க்கில் பூசிய எண்ணெயைத் துடைத்த பிறகே பேட் ஏற வேண்டும். பிறகு போக்குவரத்து இல்லாத சாலையில் ஐம்பது கி.மீ. வேகத்திலிருந்து, முழுக்க நிறுத்தாமல், பத்துப் பதினைந்து முறை மிதமாகப் பிடித்து விடுங்கள், நடுநடுவே ஆறவிட்டு. கொல்லிமலையின் எழுபது வளைவுகளுக்கு அதற்கு அடுத்த வாரம் போகலாம்.