போர்க்காலப் படைவீரர் ஒளிப்படம்

போர்க்காலப் படைவீரர் ஒளிப்படம் என்பது போர்க்காலத்தில் படையில் பணியாற்றிய ஒருவர் சீருடையுடன் எடுத்துக்கொண்ட உருவப் படம் ஆகும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இந்தியத் தரைப்படையில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். பெயரோ நாளோ குறிக்கப்படாத படங்களில் உள்ளவரை இனங்காணத் தரச் சின்னம், தலையணி, பதக்க நாடா ஆகியவை உதவுகின்றன.

தரமும் படைப்பிரிவும்

சட்டைக் கையில் உள்ள கோணப் பட்டை ஒன்றாயின் லான்ஸ் நாயக், இரண்டாயின் நாயக், மூன்றாயின் அவில்தார் ஆவர். தோளில் ஜமேதார் ஒரு விண்மீனும் சுபேதார் இரண்டு விண்மீன்களும் அணிந்தனர். இரண்டாம் லெப்டினன்டும் ஒரு விண்மீனையே அணிந்ததால், இதை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறாகலாம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராசு சாப்பர்கள் (பொறியியற் படையினர்) துப்தா எனப்படும் தனித்த தலையணியால் அறியப்படுவர். இந்திய தேசிய இராணுவத்தினரின் சின்னங்களில் பிரித்தானிய முடி இடம்பெறாது.

காலத்தைக் கணித்தல்

பதக்க நாடா படத்தின் முன் எல்லையைக் காட்டும். ஆப்பிரிக்க விண்மீன் 1943 சூலையிலும், பர்மா விண்மீன், இத்தாலி விண்மீன் ஆகியவை 1945 மேயிலும் நிறுவப்பட்டன. ஆகவே பர்மா விண்மீன் நாடா காணப்படும் படம் 1945 மே மாதத்துக்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

சுபேதார் சுப்பிரமணியன் இதற்கு எடுத்துக்காட்டு ஆவார். மதராசு சாப்பர்களைச் சேர்ந்த இவர், 1944 பெப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி ஒன்றின்மீது விழுந்து, தம் உடலால் மறைத்துச் சக வீரர்களைக் காத்து உயிர்நீத்தார். ஜார்ஜ் சிலுவை இவருக்கு இறப்புக்குப் பின்னரே வழங்கப்பட்டது. எனவே இவர் வாழ்ந்தபோது எடுத்த எப்படத்திலும் அப்பதக்கம் இருக்க வழியில்லை.

பிழைகள் நேரும் இடங்கள்

பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்கள் சில சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிறியும் தோன்றும். நாடாவின் நிறத்தைக் கணிப்பதில் இது தவறுக்கு இடம் தரும். பதக்க நாடா இடப்பக்க மார்பில் அணியப்படுவது. அது வலப்பக்கம் தெரிந்தால் படம் இடவலம் மாறி அச்சிடப்பட்டிருக்கலாம். வரையப்பட்ட பின்திரையை நிகழ்விடமாகக் கொள்ளலாகாது.

நடுகல்லுடன் ஒப்பீடு

புதூர்நாடு அமைந்துள்ள சவ்வாது மலையின் அடிவாரத்தில், செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் பல கிடைத்துள்ளன. இவை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972 இல் நூலாக வெளிவந்தன. வீரனின் உருவத்துடன் மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், ஆநிரை மீட்டல் போன்ற இறப்பின் காரணம் ஆகியவை கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒளிப்படத்தில் முகம் துல்லியமாகப் பதிந்தாலும் பெயர் பதிவதில்லை. படத்தில் இருப்பவர் யார் எனச் சொல்லக்கூடிய உறவினர் மறைந்துவிட்டால், அப்படம் பெயரற்றதாகிவிடும்.

ஆவணங்கள்

போரில் இறந்தோரின் பெயர், தர நிலை, படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் பதிவு செய்துள்ளது. மியான்மரின் தவுக்கியான் கல்லறையிலுள்ள ரங்கூன் நினைவகத்தில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் உள்ளன. உயிருடன் திரும்பியவர்கள் இப்பதிவுகளில் இடம்பெறார். அவர்களுக்குப் பணி விடுவிப்புச் சான்றிதழும் படத்தின் பின்புறக் குறிப்புமே முதன்மைச் சான்றுகளாகும்.