டெபோக்: பல்கலைக்கழகத்துக்கு முந்தின கதை

ஜகார்த்தாவுக்குத் தெற்கே டெபோக்னு ஒரு ஊர். ரயிலை விட்டு இறங்கினா நேரா இந்தோனேசியா பல்கலைக்கழகம். ஆனா ஊரோட கதை 1696-லேயே ஆரம்பிக்குது. டச்சுக் கம்பெனி அதிகாரி கொர்னேலிஸ் சாஸ்டலைன் அங்கே நிலம் வாங்கினார். 1714-ல் அவர் இறந்ததும், உயில்படி அடிமைகளுக்கு விடுதலை, நிலமும் அவங்களுக்கே! (அந்தக் காலத்துல இது பெரிய விஷயம்ங்க.)

அவங்க வாரிசுகளுக்கு 'டெபோக் டச்சுக்காரங்க'ன்னு பேர் வந்துச்சு. அந்தப் பேரே வினையாச்சு. 1945 அக்டோபரில், சுதந்திரப் போராட்ட வேகத்துல, அவங்க வீடுகள் சூறையாடப்பட்டன.

1976-ல் அரசுக் குடியிருப்பு, 1987-ல் பல்கலைக்கழகம். அப்புறம் மார்கோண்டா சாலை நெடுக மாணவர் விடுதி, மால், டிராபிக். 2020 கணக்கெடுப்பில் 20 லட்சம் பேர்! அந்த வாரிசுகளும் இமானுவேல் தேவாலயமும் பழைய டெபோக்கில் இன்னும் இருக்காங்க. படிக்க வர்ற பசங்கள்ல எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறாங்களோ...