'மலடி' என்னும் சொல்லும் விந்தகத்தின் மரபணுக்களும்

தமிழில் 'மலடி' என்பதற்கு 'மலடன்' என்னும் ஆண்பால் வடிவமும் உண்டு. ஆனால் ஊர் வழக்கில் வசையாகப் புழங்கியது பெண்பால் வடிவமே. குழந்தையின்மையால் வருந்தும் இணையரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் உடல்நிலையும் ஒரு காரணம் என்பதை இன்று மருத்துவம் ஏற்கிறது. வழக்குமொழி மறைத்த அந்தப் பாதியை அறிய உதவிய இந்திய ஆய்வுகளில் இரண்டு இழைகள் குறிப்பிடத்தக்கவை: ஒன்று பெங்களூருவில் தொடங்கியது, மற்றொன்று ஐதராபாத்தில்.

பெங்களூரு இழை நோயைத் தேடிப் புறப்பட்டதன்று. மைசூரில் பிறந்த எம்.ஆர்.எஸ். ராவ் (1948–2023) இந்திய அறிவியல் நிறுவனத்திலும், பின்னர் தாம் தலைவராக இருந்த ஜக்கூர் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்திலும் ஓர் அடிப்படை வினாவைப் பல்லாண்டுகள் தொடர்ந்தார். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள டிஎன்ஏ, ஐந்து மைக்ரோமீட்டர் அளவேயுள்ள விந்தணுத் தலைக்குள் எவ்வாறு அடங்குகிறது? பிற உயிரணுக்களில் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றியிருக்கும். விந்தணு முதிரும்போது ஹிஸ்டோன்கள் பெரும்பாலும் விலகுகின்றன. இடைமாற்றப் புரதங்கள் சிறிது காலம் அவ்விடத்தில் அமர்கின்றன. இறுதியில் புரோட்டமின்கள் டிஎன்ஏவை இறுகக் கட்டுகின்றன. அவற்றுள் டிபி2 என்னும் இடைமாற்றப் புரதம் துத்தநாகத்துடன் இணைந்து டிஎன்ஏவைச் செறிவாக்குவதை ராவின் குழு எலி விந்தகத்தைக்கொண்டு காட்டியது.

மனிதரிடத்தில் இக்கதை 1976இல் தொடங்குகிறது. விந்தணுவே இல்லாத ஆறு ஆண்களின் ஒய் குரோமோசோமில் நீண்ட கையின் ஒரு பகுதி இல்லாதிருப்பதை இத்தாலியின் தியெப்போலோவும் சுஃபார்தியும் கண்டனர். ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் கே. தங்கராஜ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 340 மலட்டுத்தன்மையுள்ள இந்திய ஆண்களுள் 8.5 விழுக்காட்டினரிடம் ஒய் குரோமோசோம் இழப்புகள் தென்பட்டன. எஞ்சியோர்க்குக் காரணம் என்ன? அதே மையம் 2022இல், 47 ஆண்களின் மரபணுக்களை முழுமையாக வாசித்து, ஏறத்தாழ 1,500 பேரிடம் சரிபார்த்து, மேலும் எட்டு மரபணுக்களை அடையாளங்கண்டது.

அந்த எட்டில் ஒன்று பிஆர்டிடி. விந்தகத்தில் செயற்படும் இம்மரபணுவின் புரதம், ஹிஸ்டோன்கள் விலகும் கட்டத்துக்கு இன்றியமையாதது. எலியில் டிஎன்ஏ கட்டப்படும் முறையை ஆராய்ந்த பெங்களூருவின் வினாவும், குழந்தையற்ற ஆணின் குருதி மாதிரியில் தொடங்கிய ஐதராபாத்தின் வினாவும் இவ்விடத்தில் சந்திக்கின்றன. பயன் கருதாத ஆய்வு எனச் சிலர் ஒதுக்கும் அடிப்படை அறிவியல் இல்லையேல், இந்தப் பெயர்ப்பட்டியலுக்குப் பொருள் கூற இயலாது.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. ஒய் குரோமோசோமின் 'ஏ' பகுதியை முற்றாக இழந்தவரிடம் அறுவை செய்து தேடினாலும் விந்தணு கிடைப்பதில்லை. முன்னரே சோதித்தால் அந்த வலியும் செலவும் தவிரும். 'சி' பகுதியை இழந்தவருக்கு விந்தணு கிடைக்கக்கூடும். ஆனால் 1992 முதல் வழக்கிலுள்ள நுண்செலுத்தல் முறையில் பிறக்கும் மகனுக்கும் அதே குறை செல்லும். முன்பு ஒரு தலைமுறையோடு முடிந்த குறை இன்று மரபுரிமையாகிறது. இதைப் பெற்றோர் அறிந்து முடிவெடுக்க வேண்டும்.

விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. ஆயினும் நம் வீடுகளில் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுபவர் இன்றும் பெரும்பாலும் மனைவியே.