சந்தையும் கிராமமும்: சென்னைக் கிறித்தவக் கல்லூரிகளில் பொருளியல் கல்வி வளர்ந்த வரலாறு

1949, 1950 ஆண்டுகளில் மத்திய நிதிநிலை அறிக்கையை அளித்த ஜான் மத்தாய், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மாணவர். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் அறிமுக அத்தியாயத்தை எழுதிய கே. என். ராஜும் அங்கே படித்தவர்தான். ராஜுக்கு அங்கே பொருளியல் கற்பித்த மால்கம் ஆதிசேஷையா, பின்னாளில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநரானார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமனும் ரிசர்வ் வங்கி ஆளுநரான சி. ரங்கராஜனும் லயோலா கல்லூரியில் பயின்றவர்கள்.

ஒரே நகரில், இரண்டு கிறித்தவக் கல்லூரிகளிலிருந்து இத்தனை பேர் நாட்டின் பொருளாதாரத் தீர்மானங்களில் பங்கேற்றதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. பணம், வரி, வாணிபம் பற்றிய பாடம் இங்கே எப்படி வேரூன்றியது, எந்தக் கேள்விகளைச் சுற்றி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வறுமையையும் கிராமத்தையும் பொருளியலின் மையத்தில் வைத்ததே இம்மரபின் பெரும் பங்களிப்பு என்பது இதன் முடிபு.

வரலாற்றுப் பாடத்தின் நிழலில்

ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையில் தொடங்கிய பள்ளியே கிறித்தவக் கல்லூரியின் தொடக்கம். 1862-ல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லர் அதைத் தென்னிந்தியாவின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக்கினார். அக்காலத்தில் பொருளியல் தனித்துறையாக வளரவில்லை. வரலாற்றுப் படிப்பை ஒட்டியே கற்பிக்கப்பட்டது. பாடநூல்கள் பிரிட்டனிலிருந்து வந்தன. அவற்றில் பேசப்பட்ட கூலியும் வாடகையும் லங்காஷயர் ஆலைகளையும் ஆங்கிலேயப் பண்ணைகளையும் சார்ந்தவை.

அந்தப் பாடநூல்கள் பேசாத ஒன்றை ஜான் மத்தாய் எடுத்துக்கொண்டார். கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று லண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்ற அவர், பிரிட்டிஷ் இந்தியாவின் கிராம ஆட்சி முறையை ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1915-ல் சிட்னி வெப்பின் முன்னுரையுடன் நூலாக வெளிவந்தது. ஏரிப் பாசனம், ஊர்க் காவல், கல்வி ஆகியவற்றைக் கிராமம் எப்படித் தானே நிர்வகித்தது என்பதே அதன் பொருள்.

அதே 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி, உணவு பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்தார். அத்தொகுப்பு 1918-ல் நூலானது. ஸ்லேட்டர் மிஷனரி அல்லர். அவர் பணியாற்றியதும் அரசுப் பல்கலைக்கழகத்தில். ஆகவே கிராம ஆய்வு முறையைக் கிறித்தவக் கல்லூரிகளின் கண்டுபிடிப்பாகச் சொல்வது பிழையாகும். ஆனால் அதைப் பேணி வளர்த்தவர்களில் அக்கல்லூரிகளின் மனிதர்களுக்குத் தனி இடம் உண்டு. ஸ்லேட்டருக்குப் பின் 1922 முதல் 1925 வரை அந்த இருக்கையில் அமர்ந்தவர் ஜான் மத்தாயே. அடுத்து வந்த பி. ஜே. தாமஸ் காலத்தில் அதே கிராமங்கள் மறுபடி ஆராயப்பட்டு, 1940-ல் அறிக்கை வெளியானது.

தாம்பரம்

1937-ல் கிறித்தவக் கல்லூரி பாரிமுனைப் பகுதியின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. வளாகத்தைச் சுற்றிலும் அன்று கிராமங்கள். 1940-ல் பொருளியல் பேராசிரியராக வந்த ஆதிசேஷையா, மாணவர்களைச் சுற்றுப்புறக் கிராமங்களின் பணிகளில் ஈடுபடுத்தினார். வேலூரில் பிறந்து, லயோலாவிலும் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர் அவர். 1946 வரை அவர் அங்கே கற்பித்த ஆண்டுகளில்தான் இளம் ராஜ் அவருடைய மாணவரானார்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். டாட்டா நிறுவனத்தில் பணியாற்றிய மத்தாய், 1944-ல் தொழிலதிபர்கள் வெளியிட்ட பம்பாய்த் திட்டத்தை வகுத்தவர்களில் ஒருவர். ஆனாலும் திட்டக்குழுவின் அதிகாரம் அமைச்சரவைக்கு மேல் போகிறது என்று எதிர்த்து 1950-ல் நிதியமைச்சர் பதவியைத் துறந்தார். அதே திட்டக்குழுவுக்காகத்தான் இருபத்தாறு வயது ராஜ் எழுதினார். ஒரே கல்லூரியில் படித்த இருவர், நாட்டின் தலையாய பொருளாதார விவாதத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள். அக்கல்லூரி தன் மாணவர்களுக்கு ஒரே கொள்கையைப் புகட்டவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆதிசேஷையா யுனெஸ்கோவிலிருந்து திரும்பி, மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து 1971-ல் அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் ராஜ் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தை உருவாக்கினார். கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் துறைக்குத் தலைமையேற்றிருந்த சி. டி. குரியன், 1978-ல் அடையாறு நிறுவனத்தின் இயக்குநரானார். 1950 முதல் 1975 வரை தமிழ்நாட்டுக் கிராமப்புறம் அடைந்த மாற்றத்தைப் பற்றிய அவரது நூல் 1981-ல் வந்தது. ஸ்லேட்டரின் மாணவர்கள் ஆராய்ந்த இருவேல்பட்டுக் கிராமத்துக்கு, அந்நிறுவனத்தின் எஸ். குகனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் 1980களில் மீண்டும் சென்றார்கள். ஒரே ஊரின் நில உடைமையும் கூலியும் தலைமுறைகள் கடந்து ஒப்பிடப்படுவது உலகப் பொருளியல் ஆய்வுகளிலேயே அரிது.

நுங்கம்பாக்கம்

இயேசு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுத் துறவி பிரான்சிஸ் பெர்ட்ரம் 1925-ல் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய லயோலா, பொருளியலோடு வணிகவியலிலும் பெயர் பெற்றது. அங்கே பொருளியலில் முதுகலை முடித்த வெங்கட்ராமன், 1957 முதல் பத்தாண்டுகள் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்து, கிண்டி உள்ளிட்ட தொழிற்பேட்டைகள் எழக் காரணமானார். அங்கே வணிகவியல் ஆனர்ஸ் படித்த ரங்கராஜன் 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். அரசின் பற்றாக்குறையை ரிசர்வ் வங்கி தானாகவே ஈடுகட்ட வழிவிட்ட தற்காலிகக் கருவூல உண்டியல் முறை அவர் காலத்தில்தான் முடிவுக்கு வந்தது.

மேலாண்மைக் கல்வியிலும் இயேசு சபையினர் முன்னோடிகள். ஜாம்ஷெட்பூரில் 1949-ல் அவர்கள் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. (சேவியர் தொழிலாளர் உறவுகள் நிறுவனம்), தொழிலாளர் உறவுகளைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. எஃகு நகரத்தில் நிர்வாகம் கற்பவர் தொழிற்சங்கத்தையும் அறிந்தாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. லயோலா வளாகத்தில் 1979-ல் வணிக நிர்வாக நிறுவனம் எழுந்தது.

தன்னாட்சிக்குப் பின்

கிறித்தவக் கல்லூரியும் லயோலாவும் 1978-ல் தன்னாட்சி பெற்றன. பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டத்தை அப்படியே நடத்திய நிலை மாறி, எதைக் கற்பிப்பது, எப்படித் தேர்வு வைப்பது என்பதை அவையே முடிவு செய்யலாயின. 1991-ன் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின் வணிகவியல், வணிக நிர்வாக இடங்களுக்கான போட்டி தமிழகமெங்கும் பெருகியது. கணக்கியலும் நிதிச் சந்தையும் மாணவர்களுக்கு வேலை தருகின்றன. அந்தத் தேவை நியாயமானது. அதற்காகக் கள ஆய்வைக் கைவிட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஸ்லேட்டரின் மாணவர்கள் விடுமுறையில் தம் ஊருக்குப் போய்த் திரட்டிய விவரங்கள் ஒரு நூற்றாண்டாகப் பயன்படுகின்றன. இன்று வணிகவியல் வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஊர்க் கடனையும் நெல் விலையையும் நேரில் அறிந்தவர்கள். அவர்களுடைய பட்டப்படிப்பில் சொந்த ஊரின் பொருளாதாரத்தை ஆராயும் ஒரு தாளைச் சேர்க்க, இக்கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களுக்கு 1978 முதலே அதிகாரம் இருக்கிறது.