படைத்தவன் பெயர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரில் எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து தஞ்சைக் கல்வெட்டுக்களைப் பற்றிய பழைய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேரன் கைபேசியும் கையுமாக வந்து நின்றான்.

"தாத்தா, நூறு ரூபாய் அனுப்பேன். கேம்ல ஒரு பெட்டி திறக்கணும்."

"பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது?"

"அது திறந்தாத்தான் தெரியும். வாள் இருக்கலாம், ஒண்ணும் இல்லாமலும் போகலாம்."

ஊர்த் திருவிழாவில் இதற்கு வேறு பெயர் சொல்லுவோம். அதை அவனிடம் சொல்லவில்லை. "இந்த விளையாட்டைச் செய்தவன் யாரடா?" என்று மட்டும் கேட்டேன்.

"யாரோ ஒரு கம்பெனி" என்றான்.

அந்த 'யாரோ' என்ற சொல் என்னை விடவில்லை. கதைப் புத்தகத்தின் அட்டையில் எழுதியவன் பெயர் இருக்கிறது. சினிமாவில் விளக்குப் பிடித்தவர் பெயர்கூட வருகிறது. இதற்கு மட்டும் ஏன் இல்லை? விசாரிக்கப் போனால், வீடியோ விளையாட்டின் சரித்திரமே இந்தப் பெயர்ச் சண்டையில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் 1972-ல் பிறந்த நிறுவனம் அடாரி. 1976-ல் வார்னர் என்ற பெரிய நிறுவனம் அதை 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கியது. விளையாட்டைக் கற்பனை செய்து, படம் வரைந்து, ஓசை சேர்த்து, கணிப்பொறி மொழியில் எழுதி முடிப்பவன் அந்நாளில் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஆனால் பெட்டியின்மேல் அவன் பெயர் கிடையாது. பெயர் வெளியே தெரிந்தால் சம்பளம் கூடக் கேட்பான். அல்லது வேறொருவன் அழைத்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயம்!

வாரன் ராபினெட் என்ற இளைஞர் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். தாம் எழுதிய 'அட்வென்சர்' என்ற விளையாட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஓர் அறையைக் கட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைத் தேடி எடுத்து வந்தால்தான் அதற்கு வழி. உள்ளே போனால், இதைப் படைத்தவர் வாரன் ராபினெட் என்று எழுத்துக்கள் மின்னும். 1979-ல் அவர் வேலையை விட்டுப் போனார். விளையாட்டு கடைக்கு வந்த பிறகு ஒரு சிறுவன் அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டபோதுதான் முதலாளிகளுக்கே சங்கதி தெரிந்தது.

அதே ஆண்டில் அடாரியின் கைதேர்ந்த நால்வர், டேவிட் கிரேனும் அவர் தோழர்களும், கணக்குப் பார்த்தார்கள். நிறுவனத்தின் விளையாட்டு வருமானத்தில் பாதிக்குமேல் தங்கள் நால்வரின் படைப்புக்களால் வந்தது என்று கண்டார்கள். தலைவர் ரே கசாரிடம் போய்ப் பெயரும் பங்கும் கேட்டார்கள். பெட்டிகளை ஒட்டி அடுக்கும் தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் உயர்ந்தவர்களல்ல என்ற கருத்தில் பதில் வந்ததாகக் கிரேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சைக்கிள் செய்துவந்த ஊர் இது. விடியற்காலைச் சங்கொலியில் கண் விழித்தவன் நான். தொழிலாளியோடு சேர்த்துப் பேசியதை அவமானமாக நினைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பதில் தொழிலாளியை உயர்த்துவதற்காகச் சொன்னதல்லவே! இருவருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பேருக்கு அவமதிப்பு!

நால்வரும் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். படைத்தவர் பெயரையும் படத்தையும் விளையாட்டோடு அச்சிட்டு வெளியிட்டார்கள்.

அடாரியோ 1982-ல் 'ஈ.டி.' சினிமாவின் பெயரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிற்று. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குச் சரக்கு வேண்டுமே! ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவருக்குக் கொடுத்த அவகாசம் ஐந்து வாரம். மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. அவர் முடித்துக் கொடுத்தார். லட்சக்கணக்கான பெட்டிகள் விற்காமல் திரும்பின. 1983 செப்டம்பரில் நியூ மெக்ஸிகோவின் அலமகார்டோ ஊர்க் குப்பைமேட்டில் லாரி லாரியாகப் பல விளையாட்டுக்களைப் புதைத்தார்கள். 2014-ல் தோண்டியபோது 'ஈ.டி.'யும் வெளியே வந்தது. அந்த ஆண்டு வீழ்ச்சிக்கு அது ஒன்றே காரணமல்ல. ஆனாலும் பேராசைக்கு அதைவிடப் பொருத்தமான சமாதி வேறில்லை.

இங்கே கதையை முடித்திருந்தால் நீதிக் கதையாகியிருக்கும். சரித்திரம் அவ்வளவு நல்ல ஆசிரியரல்ல. பெயருக்காகப் பிறந்த அந்த ஆக்டிவிஷனே வளர்ந்து, வேறொரு நிறுவனத்தோடு கலந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்றது. 2023-ல் மைக்ரோசாப்ட் அதைச் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. பேராசை எதிரி வீட்டில் மட்டும் குடியிருப்பதில்லை.

மடியிலிருந்த நூலைப் பார்த்தேன். 1010-ல் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய ராஜராஜன், தன் பெயரோடு நிற்கவில்லை. தன் பெயரையே பட்டமாகச் சுமந்த குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரைக் கல்லில் வெட்டுவித்தான்; சுமார் நானூறு ஆடல் மகளிரின் பெயரையும் வெட்டுவித்தான். மலையிலிருந்து கல் சுமந்தவன் பெயர் அங்கும் இல்லைதான். ஆனாலும் பொன் கொடுத்தவன், உளி பிடித்தவனை மறைக்க நினைக்கவில்லை.

இன்றும் அப்படிச் சிலர் உண்டு. கனடாவில் டொரன்டோவிலிருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023-ல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. கடல் கடந்து போன ஒரு தமிழ்த் தாய், தன் அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி வார்க்கிறாள். தமிழை விட்டு விலகும் மகனைத் தவிப்போடு பார்க்கிறாள். ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது. இன்னும் நீட்டியிருக்கலாம், நடுவே பெட்டி வைத்திருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நிறுத்தினார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது, சிறந்த முதல் படைப்பென்று அதைத் தேடி வந்தது.

பேரனுக்கு நூறு ரூபாய் அனுப்பவில்லை. 'வெண்பா'வை வாங்கிக் கொடுத்தேன். நூறைவிட அதிகந்தான் ஆயிற்று. முடிந்ததும் திரையில் பெயர்கள் ஏறத் தொடங்கின. அவன் விரல் பழக்கத்தில் அதைத் தள்ளிவிடப் போயிற்று.

"இரடா, யார் செய்தார்கள் என்று படித்துவிட்டுப் போ" என்றேன்.

படித்தான்.